முப்பத்திரெண்டு வயசுல முடிஞ்சு போற விஞ்ஞானம்

டிஸ்கி: இது கொஞ்சம் சீரியஸ் பதிவு. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த பதிவுக்கு வாங்க, கண்டிப்பா போட்டுடறேன். :-)

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு, இட்லி கறிக்குழம்புன்னு ஒரு கட்டு கட்டிட்டு திண்ணையில உட்கார்ந்திருந்தப்ப பக்கத்து வீட்டுப் பெரியப்பா வந்தார். அப்பாகிட்ட, "மூத்தவ என்ன பண்றா? இன்னும் படிச்சுக்கிட்டேதான் இருக்காளா?"ன்னு கேட்டார். "இல்லண்ணே, முடிச்சுட்டா. இப்ப காலேஜ்ல பாடம் எடுக்குறா"ன்னார் அப்பா. "அதுக்கா இத்தனை வருஷம்?"னு பெரியப்பா சிரிச்சார்.

அவர் கெட்ட மனுஷன் இல்லை. தெரியாம கேட்டதுதான். ஆனா உள்ளே இருந்த அக்காவுக்குக் கேட்டிருக்கும். முறுக்குத் தட்டோட வெளிய வந்தா, "எடுத்துக்குங்க பெரியப்பா"ன்னு வச்சுட்டு உள்ளே போயிட்டா. ஒண்ணும் சொல்லலை. அன்னைக்கு முழுக்க எனக்கு முறுக்கு இறங்கலை.

முன்கதை சுருக்கமா. நான் பெங்களூருல பொட்டி தட்டுறவன். 2019ல கேம்பஸ்ல தேர்வாகி வந்தவன். படிப்புல சுமார்தான். எனக்கு பத்தாம் வகுப்புல கணக்கும் ப்ளஸ் டூவுல வேதியியலும் சொல்லிக் கொடுத்து கரையேத்தினது அக்காதான். அவ எம்.எஸ்சி வேதியியல். நெட் பரீட்சை ரெண்டாவது தடவையில தேறி, 2015ல வெளி மாநிலத்துல ஒரு மத்திய அரசு ஆய்வகத்துல ஆராய்ச்சி மாணவியா சேர்ந்தா. எந்த ஆய்வகம்ங்கறது இங்க தேவையில்லை. வினையூக்கிகள் பத்தின ஆராய்ச்சி. அப்ப உதவித்தொகை மாசம் 25,000. எங்க வீட்டுல அதுவரைக்கும் யாரும் மாச சம்பளமா பார்க்காத தொகை. அப்பா தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தார், "எம்பொண்ணு விஞ்ஞானி ஆகப்போறா"ன்னு.

2020ல கொரோனா வந்து ஆய்வகத்தைப் பூட்டினாங்க. தீசிஸ் ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. 2022 ஆரம்பத்துல டாக்டர் பட்டம் கையில வந்தப்ப அவளுக்கு 29 வயசு. அந்த வருஷமே பாப்பா பிறந்தா. 2023ல திரும்பவும் தற்காலிக ஆய்வாளரா வேலைக்குப் போனா. 2024ல அவ துறைக்கு அப்படியே அளவெடுத்துத் தச்ச மாதிரி ஒரு அரசு நிறுவனத்துல விஞ்ஞானி வேலைக்கு விளம்பரம் வந்துச்சு. வயசு வரம்பு 32. கடைசித் தேதியன்னைக்கு அவளுக்கு வயசு 32ம் நாலு மாசமும். நாங்க பிற்படுத்தப்பட்ட வகுப்புதான், மூணு வருஷ தளர்வு உண்டு. ஆனா அந்தத் தளர்வு இட ஒதுக்கீட்டுல வர்ற இடங்களுக்கு மட்டும்தான். அவ துறைக்கு வந்தது ஒரே ஒரு இடம், அது பொதுப்பிரிவு. முடிஞ்சுது கதை.

"நாலு மாசம்தானேடா"ன்னு போன்ல சிரிச்சா. சிரிப்பு மாதிரியே இல்லை அது.

சரி, இது ஒரு வீட்டுக் கதை. இதை வச்சு மட்டும் கருத்து சொன்னா "உங்க அக்காவுக்குக் கிடைக்கலைன்னு புலம்பாதே"ன்னு பின்னூட்டத்துல கும்மிடுவீங்க. அதனால பொதுக் கணக்குக்கு வருவோம். நமக்குத் தெரிஞ்சது கணக்குதானே.

இந்தியாவுல அறிவியல் ஆய்வகம்னாலே முதல்ல வர்ற பேரு சிஎஸ்ஐஆர். 1942ல ஆரம்பிச்சது. இன்னைக்கு நாடு முழுக்க 37 ஆய்வகங்கள். நம்ம தமிழ்நாட்டுல மூணு இருக்கு. சென்னையில தோல் ஆராய்ச்சி நிலையம், தரமணியில கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், காரைக்குடியில மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். காரைக்குடி ஆய்வகம் வர்றதுக்கு வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்தக் காலத்து 15 லட்சம்! நம்ம ஊர் பசங்க விஞ்ஞானி ஆகணும்னு ஒருத்தர் சொத்தையே எடுத்துக் கொடுத்திருக்கார்.

இந்த மாதிரி ஆய்வகத்துக்குள்ள போறதுக்கு வழி என்ன? எம்.எஸ்சி முடிச்சு நெட் எழுதி ஜேஆர்எஃப் வாங்கலாம். பி.இ. பசங்க கேட் மதிப்பெண்ணை வச்சு எம்.டெக்கும் பிஎச்டியும் சேர்ந்த படிப்புல சேரலாம். ரெண்டு வருஷம் ஜேஆர்எஃப், மூணு வருஷம் எஸ்ஆர்எஃப், ஆக அஞ்சு வருஷம் உதவித்தொகை. ஜேஆர்எஃப் தொகை 2014ல 25,000, 2019ல 31,000, 2023ல இருந்து 37,000. எஸ்ஆர்எஃப்புக்கு 42,000. 2019ல உயர்த்தினதும் சும்மா நடக்கலை, ஆராய்ச்சி மாணவர்கள் டெல்லித் தெருவுல இறங்கிக் கத்தினதுக்கு அப்புறம்தான். பிஎச்டி முடிச்சதும் ஆய்வு இணையர்னு தற்காலிக வேலை. 2023ல இருந்து அதுக்கு 58,000ல ஆரம்பிச்சு 67,000 வரைக்கும். அதுக்கு மேல விஞ்ஞானி. அது நிரந்தர வேலை. ஏழாவது ஊதியக்குழுப்படி 11ம் நிலை, அடிப்படைச் சம்பளமே 67,700, படிகள் தனி. உள்ளே போயிட்டா மேல காலியிடம் இருந்தாத்தான் பதவி உயர்வுன்னு கிடையாது, உங்க வேலையை மதிப்பிட்டுக் கொடுப்பாங்க. 60 வயசு வரைக்கும் பிடிச்ச ஆராய்ச்சியைப் பண்ணலாம். நம்ம டமேஜர் மாதிரி யாரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆணி கொடுக்க மாட்டாங்க. :-)

சொல்லப்போனா இது அருமையான வேலை. நான் பிஎச்டி பண்ணாதீங்கன்னு பயமுறுத்த வரலை. என் பிரச்சனை ஒரே ஒரு எண். 32.

விஞ்ஞானிங்கற அந்த முதல் படிக்கு வயசு வரம்பு பொதுவா 32. இப்ப விரலை விட்டு எண்ணுங்க. ப்ளஸ் டூ முடிக்கும்போது 17 இல்லைன்னா 18. பி.எஸ்சி, எம்.எஸ்சி முடிக்க 23. நெட் எழுதி, வழிகாட்டி கிடைச்சு சேரும்போது 24. அஞ்சு வருஷம் போனா 29. தீசிஸ் வெளியே போய், மதிப்பீட்டாளர்கள் படிச்சு, வாய்மொழித் தேர்வு முடியும்போது 30. விளம்பரத்துல பிஎச்டி இருந்தா போதும்னு இருந்தாலும், கூடப் போட்டி போடுறவங்ககிட்ட ரெண்டு வருஷ வெளிநாட்டு அனுபவம் இருக்கும். அதனால நீங்களும் ரெண்டு வருஷம் போயிட்டு வந்தா 32. கதவு சாத்தியாச்சு!

கவனிங்க, இது எங்கேயும் தடுக்கி விழாம, ஒரு தடவை கூட ஃபெயில் ஆகாம, அம்மா அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமப் போகாம, கல்யாணம் குழந்தை எதுவும் இல்லாம ஓடினவனோட கணக்கு. கிராமத்துல இருந்து வந்து இங்கிலீஷ் பழக ஒரு வருஷம், குடும்பக் கடன் அடைக்க ரெண்டு வருஷம் வேலைன்னு போனவங்களை இந்தக் கணக்குல சேர்க்கவே இல்லை.

இதுல பெரிய வேடிக்கை ஒண்ணு இருக்கு. அதே சிஎஸ்ஐஆர் விதிகள்ல தற்காலிகமான ஆய்வு இணையருக்கு வயசு வரம்பு 35. பெண்களுக்கு அதுலயும் அஞ்சு வருஷம் தளர்வு, ஆக 40. நிரந்தர விஞ்ஞானிக்கு 32, பெண் என்பதுக்காகத் தனியா தளர்வு கிடையாது. அதாவது 36 வயசுப் பெண்ணுக்கு அதே கட்டடத்துல, அதே கருவியை வச்சு, அதே ஆராய்ச்சியைத் தற்காலிகமா பண்ண மூளை இருக்கு. நிரந்தரமா பண்ண இல்லை. இதை எந்த லாஜிக்ல சேர்க்கறதுன்னு எனக்குப் புரியலை. என் கோடுல இப்படி எழுதினா ரிவ்யூவுல கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க.

இன்னொண்ணு. ஏற்கனவே அரசு நிறுவனத்துல நிரந்தர ஊழியரா இருந்தா அஞ்சு வருஷம் தளர்வு உண்டு. பிஎச்டியும் ஆய்வு இணையருமா எட்டு வருஷம் ஆய்வகத்துலயே குடியிருந்தவங்க? அவங்க ஊழியர் இல்லையாம், உதவித்தொகை வாங்கறவங்களாம். சில விளம்பரங்கள்ல "மிகச் சிறந்தவர்களுக்கு வரம்பு தளர்த்தப்படலாம்"னு ஒரு வரி இருக்கும். அந்த "லாம்"ல நம்பிக்கை வச்சு யார் வாழ்க்கையைத் திட்டம் போட முடியும்?

அணுசக்தித் துறையைப் பாருங்க. பாபா அணு ஆராய்ச்சி மையம் 1957லயே பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சுது. இன்னைக்கும் பி.டெக், எம்.எஸ்சி முடிச்சவங்களை 26 வயசுக்குள்ள எடுத்து, ஒரு வருஷம் பயிற்சி கொடுத்து, வேலையில உட்கார வச்சுடறாங்க. கல்பாக்கத்துலயும் அந்தப் பள்ளி உண்டு. பிஎச்டி வேணுமா, வேலை பார்த்துக்கிட்டே ஹோமி பாபா தேசிய நிறுவனத்துல பண்ணிக்கோ. அங்க சோத்தைப் போட்டுட்டுப் படின்னு சொல்றாங்க. மத்த இடங்கள்ல படிச்சு முடி, அப்புறம் சோறு இருக்கான்னு பார்க்கலாம்கறாங்க. பிஎச்டி முடிச்சவங்களுக்கும் அங்க கே.எஸ்.கிருஷ்ணன் பேருல ஒரு ஆய்வு இணையர் திட்டம் இருக்கு. நம்ம வத்திராயிருப்புக்காரர் பேருதான்!

வெளிநாட்டுல மட்டும் தேனும் பாலும் ஓடுதான்னு கேட்பீங்க. ஓடலை. ஜெர்மனியில 2007ல ஒரு சட்டம் போட்டாங்க. பிஎச்டிக்கு முன்னால ஆறு வருஷம், பின்னால ஆறு வருஷம், அதுக்கு மேல தற்காலிக ஒப்பந்தம் கிடையாது. நிரந்தர இடம் கிடைக்காதவங்க வெளியே போக வேண்டியதுதான். 2021ல அங்க இளம் ஆராய்ச்சியாளர்கள் கொதிச்சு எழுந்தாங்க. அங்கயும் கண்ணீர் உண்டு. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அவங்க எண்ணறது வேலை பார்த்த வருஷத்தை. பிறந்த வருஷத்தை இல்லை.

அமெரிக்காவுல லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகம் பிஎச்டி முடிச்ச புதியவங்களை எடுக்கும்போது, பட்டம் வாங்கி அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்கணும்னு கேட்குது. ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழுமம் இளம் விஞ்ஞானிகளுக்குக் கொடுக்கற தொடக்க நிலை மானியத்துக்கும் பிஎச்டி தேதியில இருந்துதான் கணக்கு. அதுலயும் அம்மா ஆனவங்களுக்கு ஒரு குழந்தைக்கு 18 மாசம் கூடுதல். நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான் மக்களே. ஓடற தூரத்தை பிரசவ வார்டுல இருந்து அளக்காதீங்க, பட்டம் வாங்கின மேடையில இருந்து அளங்க.

மறுப்பு வரும். எனக்கே ரெண்டு தோணுது.

ஒண்ணு, "வரம்பை எடுத்துட்டா 45 வயசுக்காரங்க வந்து உட்கார்ந்துப்பாங்க, இளசுகளுக்கு இடம் இருக்காது". நியாயமான பயம்தான். அதனாலதான் வரம்பே வேண்டாம்னு சொல்லலை. பிஎச்டி வாங்கி ஆறு வருஷத்துக்குள்ளன்னு வையுங்க, குழந்தை பெத்தவங்களுக்குக் கூடுதல் கொடுங்கன்னு சொல்றேன். 26 வயசுல பிஎச்டி முடிச்ச கெட்டிக்காரனுக்கும் 31 வயசுல முடிச்சவளுக்கும் அப்ப ஒரே நீளக் கயிறு.

ரெண்டு, "லேட்டா சேர்ந்தா அரசுக்கு ஓய்வூதியச் சுமை". 2004 ஜனவரிக்கு அப்புறம் மத்திய அரசுப் பணியில சேர்ந்தவங்க பழைய ஓய்வூதியத்துலயே இல்லை, அவங்க பங்கும் போட்டுச் சேர்க்கற புது முறைதான். தவிர 36 வயசுல சேர்ந்தாலும் 24 வருஷம் உழைக்கப் போறாங்க. 24 வருஷம் ஒரே இடத்துல இருக்கறவனை எங்க துறையில யாராவது பார்த்திருக்கீங்களா? நானே இந்த ஆறு வருஷத்துல மூணு கம்பெனி மாறிட்டேன். :-)

சரி, வயசானா மூளை மழுங்கிடுமா? நீங்க இந்தப் பதிவைப் படிக்கற போன்ல இருக்கற பேட்டரியைக் கேளுங்க. ஜான் குட்இனஃப், பிறந்தது 1922. போர்க்காலத்துல ராணுவத்துல வானிலை பார்த்துட்டு, அதுக்கப்புறம் இயற்பியல் படிக்கப் போனார். இந்த வயசுல வந்து இயற்பியல்ல என்ன சாதிக்கப் போறேங்கற மாதிரி ஒரு பேராசிரியர் கேட்டதா அவரே பின்னால சொல்லியிருக்கார். 1952ல பிஎச்டி, வயசு முப்பதைத் தொட்டாச்சு. நேரா எம்ஐடியோட லிங்கன் ஆய்வகம் எடுத்துக்கிச்சு. 1976ல ஆக்ஸ்ஃபோர்டு போனார். லித்தியம் பேட்டரிக்கான கோபால்ட் ஆக்சைடு மின்முனையைக் கண்டுபிடிச்சது 1980 வாக்கில, 57 வயசுக்கு மேல. 2019ல நோபல், 97 வயசுல. போருக்குப் போன வருஷங்களுக்காக அவரை யாரும் வெளியே நிறுத்தலை. கொரோனாவுல பூட்டின ஆய்வகத்துக்கும் பிரசவத்துக்கும் நாம ஏன் நிறுத்தணும்?

கூடவே ஒரு சின்ன வேண்டுகோள். கேட் வருஷா வருஷம் வருது, நெட் வருஷத்துக்கு ரெண்டு தடவை வருது. உள்ளே நுழையற வாசலுக்கு நாள்காட்டி இருக்கு. விஞ்ஞானி வேலை விளம்பரத்துக்கு மட்டும் ஏன் அது இல்லை? ஒரு ஆய்வகம் ஒரு துறைக்கு எப்ப ஆள் எடுக்கும்னு முன்கூட்டியே தெரிஞ்சா, இவளும் குழந்தையை எப்ப, வெளிநாட்டை எப்பன்னு யோசிச்சிருப்பா. வரம்பு கறாரா இருக்கு, விளம்பரம் மட்டும் மழை மாதிரி வருது. ரெண்டும் சேர்ந்துதான் ஆளைக் கொல்லுது.

பிஎச்டி போகலாமான்னு யோசிக்கற தம்பி தங்கைகளுக்கு, இந்தப் பொட்டி தட்டுற அண்ணன் அக்காவைப் பக்கத்துல இருந்து பார்த்ததுல கத்துக்கிட்டது மூணு. ஒண்ணு, சேர்ற முன்னால வழிகாட்டியோட ஆராய்ச்சித் தலைப்பை மட்டும் கேட்காதீங்க, அவர்கிட்ட கடைசியா முடிச்ச அஞ்சு பேரு எத்தனை வருஷத்துல முடிச்சாங்க, இப்ப எங்க இருக்காங்கன்னு கேளுங்க. ரெண்டு, 26 வயசு ஆகலைன்னா அணுசக்தித் துறைப் பயிற்சிப் பள்ளிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்க. மூணு, ஆய்வகம்னா அரசு மட்டும்தான்னு நினைக்காதீங்க. பெங்களூருல ஜிஇயோட ஜான் வெல்ச் மையம் 2000ல இருந்து இருக்கு, மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் 2005ல இருந்து இருக்கு. பொருளறிவியல்ல இருந்து கணினி வரைக்கும் பிஎச்டிக்காரங்களுக்கு அங்க வேலை உண்டு. பிறந்த தேதியை முதல்ல கேட்க மாட்டாங்க.

இதை எழுதறதுக்கு முன்னால அக்காகிட்ட அனுமதி கேட்டேன். "பேரு போடாம எழுதுடா"ன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "பெரியப்பா கேட்டதுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்?"னு கேட்டா. எனக்குத் தெரியலை. இப்ப அவ ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில முதல் வருஷப் பசங்களுக்கு வேதியியல் எடுக்கறா. நல்லாத்தான் எடுப்பா, எனக்கே ஏறிச்சே! ஆனா அஞ்சு வருஷம் அரசாங்கக் காசுல அவ கத்துக்கிட்ட வினையூக்கி வேலை எதுவும் அந்த வகுப்புல தேவைப்படாது. நஷ்டம் அவளுக்கு மட்டும் இல்லை. மாசா மாசம் 25,000மும் 35,000மும் கொடுத்தது நாமதான், நம்ம வரிப்பணம்தான். செலவு பண்ணி வளர்த்துட்டு, காய்க்கற நேரத்துல வயசாச்சுன்னு வேலிக்கு வெளியே விடறோம்.

வீட்டுல இன்னும் அவளோட பழைய ஆய்வகக் கோட்டு இருக்கு. ஊருக்குப் போனப்ப பார்த்தேன், பாப்பா அதைப் போட்டுக்கிட்டு, கை தரையில புரள, "நான் டாக்டர்"னு சுத்திக்கிட்டிருந்தா. "ஊசி போடற டாக்டரா?"ன்னு கேட்டேன். "இல்ல மாமா, அம்மா மாதிரி டாக்டர்"னா.

ஆராய்ச்சியில இருக்கறவங்க, இருந்து வெளியே வந்தவங்க யாராவது படிச்சா உங்க அனுபவத்தையும் சொல்லுங்க. நான் சொன்ன ஆறு வருஷக் கணக்குல ஓட்டை இருந்தாலும் சொல்லுங்க, திருத்திக்கறேன். திட்டறதுன்னாலும் பரவாயில்லை, பெரியப்பா மாதிரி சிரிக்க மட்டும் வேண்டாம்.